சுற்றுச்சூழலை வணிகத்தோடும் சமூகத்தோடும் சேர்த்துப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்தவர்கள், இளங்கலை முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கட்டணம், கடைசித் தேதி போன்றவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆற்று நீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பது சுற்றுச்சூழல் அறிவியல். அது ஏன் ஆற்றில் விடப்பட்டது, விட்டதால் யாருக்கு எவ்வளவு செலவு மிச்சம், அந்தச் செலவு கடைசியில் யார் கிணற்றில் போய் விழுந்தது, அதை யார் தட்டிக்கேட்க முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்பது இந்தப் படிப்பு.

ஒரே பெயரில் இது கிடைக்காது. சஸ்டெயினபிலிட்டி மேனேஜ்மென்ட், சுற்றுச்சூழல் மேலாண்மை, சுற்றுச்சூழல் பொருளியல், காலநிலை மாற்றமும் நிலைத்தன்மையும் என்று பல பெயர்கள். பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தைத் திறந்து மூன்றைத் தேடுங்கள்: ஆய்வகமோ களமோ உள்ள அறிவியல் தாள் ஒன்றாவது, நிதிக் கணக்குத் தாள் ஒன்றாவது, சட்டமோ சமூக ஆய்வு முறையோ ஒன்றாவது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது வேறு படிப்பு. சாதாரண எம்.பி.ஏ.வில் ஒரே ஒரு விருப்பத் தாளைச் சேர்த்துவிட்டு 'சஸ்டெயினபிலிட்டி' என்று பெயர் வைப்பதும் நடக்கிறது.

கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் தாளைப் படித்துவிட்டோமே, போதாதா?

போதாது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளால், எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த பொது அறிமுகம் அது. ஆறு மாதப் பாடம். கணக்குப் போடவோ களத்தில் அளக்கவோ அது பழக்குவதில்லை.

அறிவியல், நிதி, சட்டமும் சமூகமும் ஆகிய மூன்றையும் ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

திருப்பூரையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு டன் பின்னல் துணிக்கு அடர்ந்த நிறம் ஏற்ற வேண்டும். துணிக்கும் தண்ணீருக்குமான விகிதம் 1:8 என்றால் ஒரு தொட்டிக்கு 8,000 லிட்டர். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்தால் 560 கிலோ. அதாவது ஒரு டன் துணிக்கு அரை டன்னுக்கு மேல் உப்பு. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை ஏற்றிவிட்டு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது.

வெளுப்பது, சாயமேற்றுவது, அலசுவது என்று மொத்தம் எட்டு முறை தண்ணீர் பிடித்தால் 64,000 லிட்டர். அதில் 560 கிலோ உப்பு கலந்தால் லிட்டருக்கு 8,750 மில்லிகிராம். ஆற்றில் விட அனுமதிக்கப்பட்ட கரைந்த உப்பின் அளவு 2,100 மில்லிகிராம். நுண்ணுயிர் சுத்திகரிப்பு நிறத்தையும் கரிமப் பொருளையும் குறைக்கும், உப்பைத் தொடாது. 'சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு ஏன் கெட்டது' என்று கேட்பவர்களுக்கான வேதியியல் பதில் இதுதான். 1992-இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இலேயே, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நொய்யல் வழக்கில் 2009-இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இப்போது கணக்கைத் தொடருங்கள். சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்.ஓ.வில், 85 விழுக்காடு நீர் திரும்பக் கிடைத்தால் 54,400 லிட்டர் மறுபடி சாயத்துக்குப் போகும். மீதி 9,600 லிட்டரில் மொத்த உப்பும் அடர்ந்து நிற்கும். அதை ஆவியாக்க வேண்டும். நான்கு அடுக்கு ஆவியாக்கியில் ஒரு கிலோ நீராவி மூன்று கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீரை விரட்டும். ஆகவே சுமார் மூன்று டன் நீராவி. விறகுக் கொதிகலனில் ஒரு கிலோ விறகுக்கு மூன்று கிலோ நீராவி என்று கொண்டால் ஒரு டன் விறகு. தோராயக் கணக்குதான், ஆலைக்கு ஆலை மாறும். ஆனாலும், ஒரு டன் துணியின் உப்பை ஆற்றுக்குப் போகாமல் பிடித்து நிறுத்த ஏறக்குறைய ஒரு டன் விறகை எரிக்கிறோம் என்ற அளவு உண்மை. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கும் சிக்கலும் உண்டு. அதனால்தான் உப்புநீரை ஆவியாக்காமல் தூய்மைப்படுத்திச் சாயத்துக்கே திருப்பிவிடும் முறைக்குப் பல பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நகர்ந்தன.

வேதியியல் மட்டும் படித்தவர் தண்ணீரோடு நின்றுவிடுவார், விறகு அவர் கண்ணில் படாது. கணக்கு மட்டும் படித்தவருக்கு ஆவியாக்கி வெறும் செலவு, அயக்கட்டுதாரரின், அதாவது அணைநீரில் பாசனம் செய்யும் விவசாயியின், கிணறு அவர் ஏட்டில் எந்தப் பத்தியிலும் வராது. சட்டம் மட்டும் தெரிந்தவர் மூடும் உத்தரவோடு முடித்துக்கொள்வார், வேலை இழந்த தொழிலாளியும் வெளியூருக்குப் போன சாய ஆர்டரும் அவர் கதையில் இல்லை. மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதப் பழக்குவதே இந்தப் படிப்பின் வேலை.

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர்கள் சேரலாமா?

சேரலாம், ஆனால் வாசல் வேறு. எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பெரும்பாலும் அறிவியல் இளங்கலை கேட்பார்கள். நிலைத்தன்மை சார்ந்த எம்.பி.ஏ., வளர்ச்சி சார்ந்த எம்.ஏ. ஆகியவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும், குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால். பி.காம்., பி.ஏ. பொருளியல், பி.பி.ஏ. மூன்றில் எதை எடுத்தாலும் பின்னால் இங்கே வர வழியுண்டு.

எங்கள் கணிப்பு: இளங்கலையில் ஒரு துறையில் ஆழமாக வேரூன்றிவிட்டு முதுகலையில் மற்ற இரண்டையும் சேர்ப்பவர்களே வேலையில் நிலைக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே இல்லாத திறனைத் தரும் படிப்பைத் தேடுங்கள். பி.காம். முடித்தவர் மறுபடி நிதி கனத்த எம்.பி.ஏ.வில் சேருவதைவிட அறிவியல் தாள்கள் கூடுதலாக உள்ளதில் சேர்வது மேல்.

வனப் பணித் தேர்வு எழுதும் ஆசை உண்டு. இந்தப் படிப்பு உதவுமா?

இதைச் சேரும் முன்பே பாருங்கள், பலர் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்திய வனப் பணிக்கு இளங்கலையில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். 'சுற்றுச்சூழல் அறிவியல்' அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பி.எஸ்ஸி.யில் வேதியியலோ தாவரவியலோ தனிப் பாடமாக மதிப்பெண் பட்டியலில் வருகிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். பி.காம்., பி.பி.ஏ. பட்டதாரிகளுக்குப் பொதுவாக அந்தக் கதவு திறக்காது. முதுகலையில் எதைப் படித்தாலும் இது மாறாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் இதே கதைதான். உதவிப் பொறியாளருக்குப் பொறியியல் பட்டம், சுற்றுச்சூழல் அறிவியலாளர் பதவிக்கு அறிவியல் முதுகலை. எம்.பி.ஏ.வை வைத்துக்கொண்டு இந்தப் பதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் பொறியியல் படித்தவர்களுக்கு. பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் துறைகள் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறைக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வை முதுகலைக்காக எழுத வேண்டும். பொருளியல் பக்கம் சாய்பவர்களுக்குச் சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. அங்கே சுற்றுச்சூழல் பொருளியலில் முதுகலை தருகிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் பலருக்குத் தெரியாத இடம் அது.

வெளியே போக முடிந்தால் டெல்லியில் டெரி ஸ்கூல் ஆஃப் அட்வான்ஸ்டு ஸ்டடீஸ், போபாலில் 1982-இல் தொடங்கிய இந்திய வன மேலாண்மை நிறுவனம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். மூன்றின் சாய்வும் வேறு. டெரி கொள்கையும் மேலாண்மையும் கலந்தது. போபால் கேட் (CAT) போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு எடுக்கும் மேலாண்மைக் கல்லூரி. மும்பை சமூகத்தின் பக்கம் நிற்பது.

வெளிநாட்டில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 'சுற்றுச்சூழலும் வணிகமும்' என்றே ஓர் இளங்கலை உண்டு. கோ-ஆப் முறையில் படிப்பும் சம்பள வேலையும் மாறி மாறி வரும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மை, கொள்கைக்கான முதுகலை உண்டு. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தைச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முழுப் பட்டமாக ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதை எழுதிக் கேளுங்கள்.

எந்தத் தாள்களில் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்?

காமர்ஸ் பின்னணி உள்ளவர்கள் அலகுகளில் விழுகிறார்கள். மில்லிகிராம், பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கிலோலிட்டர், கனமீட்டர் ஆகியவற்றுக்கு இடையே மாற்றத் தெரியாமல் ஆயிரம் மடங்கு பிழை வரும். முதல் மாதமே ஒரு பட்டியல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: ஒரு கனமீட்டர் ஆயிரம் லிட்டர், நீரில் ஒரு பி.பி.எம். ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில், அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனை அளப்பதில், இன்னொரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுப் பாடப்புத்தகம் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று சொல்லும். நம் நாட்டுத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

அறிவியல் பின்னணி உள்ளவர்கள் தேய்மானத்திலும் தள்ளுபடி வீதத்திலும் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைக்கும் வீதம்) விழுகிறார்கள். பத்தாண்டு கழித்து வரும் ஒரு லட்சத்துக்கு 10 விழுக்காடு தள்ளுபடி வீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 38,500 ரூபாய். ஐம்பதாண்டு கழித்து வரும் ஒரு லட்சத்துக்கு 850 ரூபாய்தான். பேரப்பிள்ளைகள் குடிக்கப்போகும் தண்ணீரின் மதிப்பு இந்தக் கணக்கில் எப்படிக் காணாமல் போகிறது என்று இங்கே பார்க்கலாம். இந்தத் தாளை மனப்பாடம் செய்து கடக்காதீர்கள். அணையா சுரங்கமா என்ற பெரிய முடிவுகள் எல்லாம் இந்த ஒரு எண்ணில் சாய்கின்றன.

கார்பன் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு நிறுவனத்தால் வெளியாகும் கார்பனை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, நீங்களே எரிப்பது. இரண்டாம் வகை, வாங்கும் மின்சாரம். மூன்றாம் வகை, மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு என்று முன்னும் பின்னும் உள்ளவை.

ஒரு சிறு ஆலை மாதம் 20,000 யூனிட் மின்சாரமும் 600 லிட்டர் டீசலும் 19 கிலோ சிலிண்டர் முப்பதும் பயன்படுத்துகிறது என்று வைப்போம். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் மின்கட்டமைப்புக் காரணி (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு) யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டியது, 0.72 என்றால் 14.4 டன். டீசலுக்கு லிட்டருக்கு 2.68 கிலோ, ஆக 1.6 டன். எரிவாயு 570 கிலோவுக்குக் கிலோவுக்கு 3 வீதம் 1.7 டன். மொத்தம் 17.7 டன். பெருக்கல் எளிது, பிழையெல்லாம் தரவில்தான் நடக்கும்.

எங்கே தவறுகிறது? இரு மாத மின்கட்டண ரசீதை ஒரு மாதமாக எடுப்பது. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலையும் அது தந்த யூனிட்டையும் இரண்டு தடவை கூட்டுவது. வாங்கிய டீசலை எரித்த டீசலாக எழுதுவது. மாதத் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் பார்க்க வேண்டும். விறகை 'பூஜ்யம்' என்று விட்டுவிடுவது. அதன் கார்பன் டை ஆக்சைடை வகைகளுக்கு வெளியே தனியாகவும், மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடை முதல் வகையிலும் காட்ட வேண்டும். கொங்கு வட்டாரத்தில் பல ஆலைகளுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. அந்த மின்சாரத்தை மின்கட்டமைப்பின் சராசரியை வைத்துப் போடும் இட அடிப்படைக் கணக்கில் கழிக்க முடியாது, வாங்கிய மின்சாரத்தின் ஒப்பந்தத்தை வைத்துப் போடும் சந்தை அடிப்படைக் கணக்கில் உரிய சான்று இருந்தால் கழிக்கலாம். இரண்டையும் கலந்து எழுதும் அறிக்கை தணிக்கையில் நிற்காது.

படித்தால் என்ன வேலை?

வேலைகள் பெரும்பாலும் சட்டத்திலிருந்து பிறக்கின்றன. எந்தச் சட்டம் யாரை எதற்குக் கட்டாயப்படுத்துகிறது என்று பாருங்கள், வேலை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். அதன் முக்கியப் பகுதிக்கு வெளியார் சரிபார்ப்பு 2023-24-இல் முதல் 150 நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிகிறது. இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) ஆய்வாளர் வேலைகள் இங்கிருந்துதான். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டாலும், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. திட்டம் தொடங்கும் முன் அதன் பாதிப்பை மதிப்பிடச் சொல்லும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆலோசனை நிறுவனங்களுக்கு வேலை தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்குத்தான், துணிக்கு இல்லை. ஆனால் துணி வாங்கும் பிராண்டுகள் சட்டம் இல்லாமலேயே தண்ணீர், கார்பன் தரவைக் கேட்கின்றன. ஏற்றுமதி ஆலைகளில் அந்தப் படிவங்களைச் சரியாக நிரப்பத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது.

தொடக்க வேலை பளபளப்பாக இருக்காது. எக்ஸெல் தாளும், ரசீதுக் கட்டும், ஆலைக்குள் மீட்டர் மீட்டராக நடப்பதும்தான் முதல் இரண்டு ஆண்டு.

கம்பெனிகளுக்குப் பச்சை வண்ணம் பூசும் படிப்பா இது?

அப்படிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவும் இதே படிப்புதான் வேண்டும். எந்த நிலைத்தன்மை அறிக்கையையும் எடுத்து மூன்றைப் பாருங்கள். 'ஒரு கோடி விற்பனைக்கு இத்தனை' என்ற விகிதம் குறைந்திருக்கும், மொத்த அளவு கூடியிருக்கும். அடிப்படை ஆண்டாக எதைத் தேர்ந்தார்கள்? மூன்றாவதுதான் முக்கியம்: எல்லைக்கோடு எங்கே? சாயமேற்றுவதை ஜாப் வொர்க்குக்கு வெளியே கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்தின் தண்ணீர்ப் பயன்பாடு ஒரே ஆண்டில் பாதியாகிவிடும். ஆற்றுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

சமூகப் பகுதி சும்மா பேச்சுதானே, அதில் என்ன கற்க இருக்கிறது?

அப்படி நினைப்பவர்கள் ஒரு பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். 2006 அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். சுருக்கத்தை முன்பே வாங்கிப் படித்து, அதில் சொல்லாமல் விட்டதைப் பட்டியலிடுங்கள். அடிப்படைத் தரவு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது? கோடையில் மூன்று மாதம் மட்டும் அளந்தால் ஓடையில் நீரே இல்லை என்று எழுதிவிடலாம். மேய்ச்சல் நிலம் 'தரிசு' என்று பதிவாகியிருக்கிறதா? கூட்டத்தில் யார் பேசினார்கள், யார் பேசவே இல்லை, கூலிக்கு நிலத்தில் வேலை செய்பவர்கள் வந்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கும், குத்தகைக்கு உழுதவருக்குப் பல நேரம் கிடைக்காது. இதையெல்லாம் முறையாகக் கேட்டு, பதிந்து, எண்ணிச் சொல்வது ஒரு கைத்திறன்.

ஆய்வுத் திட்டத்துக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

'தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடையின் தாக்கம்' போன்ற தலைப்பை நான்கு மாதத்தில் முடிக்க முடியாது. 2019 ஜனவரி 1-இல் வந்த தடையை ஒரு வார்டில், ஒரு சந்தையில், நாற்பது கடையில் பாருங்கள். எதைக் கட்டிக் கொடுக்கிறார்கள், ஒரு பைக்கு என்ன செலவு, யார் ஏற்கிறார்கள்?

குப்பைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். ஒரு விடுதியையோ சந்தையையோ எடுத்து ஏழு நாள் தொடர்ந்து எடை போடுங்கள். மூன்று நாள் மட்டும் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கழிவோ வெள்ளிக்கிழமை பூக்கழிவோ விடுபடும். 50 கிலோ தொங்கு தராசு, தார்ப்பாய், கையுறை, முகக்கவசம் போதும். குவியல் பெரிதென்றால் நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். கையாளத்தக்க அளவு வந்ததும் வகை பிரித்து எடை போடுங்கள். காலி வாளியின் எடையைக் கழிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மழை நாளில் ஈரம் எடையைக் கூட்டும், அதையும் குறியுங்கள். தூய்மைப் பணியாளர்களிடம் பேசாமல் இந்த ஆய்வை முடிக்காதீர்கள். எந்தத் தெருவில் எப்போது என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய வேலை நேரத்தை வீணாக்காமல், அனுமதி கேட்டு, பெயரை வெளியிடாமல் எழுதுங்கள்.

குறுகிய காலச் சான்றிதழ்கள் பயன்படுமா?

சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14001-க்கான முதன்மைத் தணிக்கையாளர் பயிற்சி ஐந்து நாள். ஓராண்டாவது ஆலையில் வேலை பார்த்தபின் செய்தால் பயன் உண்டு, அதற்கு முன் காகிதம்தான். கல்லூரிப் பணிக்குப் போக நினைப்பவர்கள் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்தைப் பாருங்கள். கேட் (GATE) பொறியியல் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் தனித் தாளாக இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். அறிக்கை எழுதும் ஆங்கிலம் ஒரே அச்சில் வருவது. ஐம்பது அறிக்கை வாசித்தால் பிடிபடும். களத்தில் நிலைமை வேறு. மடை, மதகு, கலங்கல், அயக்கட்டு, நத்தம், புறம்போக்கு ஆகிய சொற்களுக்குப் பின்னால் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற செய்தி இருக்கிறது. ஏரியில் நீர் திறந்துவிடும் நீர்க்கட்டியிடம் போய் எந்த ஆண்டு எந்த மடை வரை தண்ணீர் பாய்ந்தது என்று கேட்டு, அவர் சொன்னதை மழைப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரின் அறிக்கையில் வேறு எவரும் தர முடியாத தரவு இருக்கும். அதற்கான பேச்சு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் பருவத்தில் எக்ஸெல்லுக்கும் அலகு மாற்றத்துக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.